கூடையில் வந்த பெயர்

என் பெயர் ஸெனோன் பாபிஷ். கத்தோலிக்கக் குரு. மலையடிவாரத்திலுள்ள ஓல்ஷினா என்னும் சிற்றூரில் இருபத்தாறு ஆண்டுகள் பங்குத்தந்தையாக இருந்தேன். கோயிலை ஒட்டிய புனித கிங்கா தொடக்கப்பள்ளிக்குப் பொறுப்பாளனும் நானே. அங்கே மறைக்கல்வி கற்பித்தவனும் நானே. எனக்குச் சில பழக்கங்கள் உண்டு. எதையும் வாசிக்குமுன் கண்ணாடியை அங்கியின் ஓரத்தால் இருமுறை துடைப்பேன். பிள்ளைகளின் கட்டுரையில் ஒரு சொல் மிகையாக இருந்தாலும் சிவப்பு மையால் அடித்துவிடுவேன். நான் செய்யும் ஒவ்வொன்றையும் மணியும் நிமிடமும் இட்டுச் சட்டைப்பைக் குறிப்பேட்டில் பதிந்துவைப்பேன்.

அந்தக் குறிப்பேடு இப்போதும் என்னிடம் உள்ளது. இதில் வரும் நேரங்கள் யாவும் அதிலிருந்து எடுத்தவை. பேய் பிசாசு என்று யாரேனும் பேசினால் அவர்களைக் கண்டித்து அனுப்பும் இடத்தில் இருந்தவன் நான். ஆகவே, நான் எழுதுவதை நீங்கள் நம்பாவிட்டால் உங்கள்மீது வருத்தப்படமாட்டேன். ஆயினும் இது நடந்தது. 2011ஆம் ஆண்டு, நவம்பர் 28 தொடங்கி டிசம்பர் 13 வரை, பன்னிரண்டு விடியற்காலைகளில் நடந்தது.

அதற்குமுன் என் குற்றத்தைச் சொல்லிவிட வேண்டும். அதை ஒளித்துவைத்துவிட்டு இதைச் சொல்ல இயலாது.

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு வாரங்களில், பள்ளி நாள்தோறும் காலை ஆறு மணிக்கு மாதாவின் பெயரால் விடியற்பூசை வைப்போம். மின்விளக்கு ஏற்றமாட்டோம். பிள்ளைகள் கையில் ஏந்திவரும் கூண்டுவிளக்குகளும் பீடத்தின் இரண்டு மெழுகுவர்த்திகளுமே வெளிச்சம். பூசை முடிந்ததும் அதே விளக்குகளோடு முற்றத்தைக் கடந்து பள்ளிக்குச் செல்வார்கள். அங்கே சூடான கொக்கோவும் பன்னும் காத்திருக்கும்.

2010ஆம் ஆண்டு, அந்த வாரங்களின் தொடக்கத்தில், இரண்டாம் வகுப்பு ஆசிரியை மல்வினா குலிக் என்னிடம் வந்தார். நான் பூசையுடை அணிந்துகொண்டிருந்தேன். தலைமையாசிரியை சிஸ்டர் கௌதென்சியாவும் அருகில் இருந்தார்.

"சாமி, முற்றத்துல காத்து பிச்சுக்கிட்டு அடிக்குது. புள்ளைங்க கையில நெருப்பு வேணாம். பேட்டரி விளக்கு வாங்கிட்டு வரச் சொல்லட்டுமா?"

"பேட்டரிக்கு ஜெபம் பண்ணத் தெரியாது டீச்சர்" என்றேன்.

சிஸ்டர் சிரித்தார். மல்வினா சிரிக்கவில்லை.

"அப்ப நீங்களும் எங்ககூட முற்றத்துல நடந்து வாங்க சாமி."

"எனக்கு வேற வேலை இருக்கு."

டிசம்பர் 14. காலை 6.52. முற்றத்தின் நடுவில் காற்று சுழன்றடித்தது. டோசியா என்னும் ஏழு வயதுச் சிறுமியின் கழுத்துத்துணி விளக்கின் கூண்டுக்குள் சென்று பற்றிக்கொண்டது. மல்வினா அதை வெறுங்கையால் பிடுங்கி, பிள்ளையைப் பனியில் உருட்டினார். பிள்ளைக்கு வலக்கை வெந்தது. மல்வினாவுக்கு இரண்டு கைகளும் வெந்தன. நான் அப்போது என் வீட்டில், வெதுவெதுப்பான அறையில், தேநீர் அருந்திக்கொண்டிருந்தேன்.

எங்கள் மறைமாவட்டத்தின் தலைமையிடமான ஆயரகம் அறிக்கை கேட்டது. நான் சொல்லச் சொல்லச் சிஸ்டர் தட்டச்சு செய்தார். அதில் ஒரு வரி இது: 'பங்குத்தந்தையின் அறிவுரைக்கு மாறாக, வகுப்பாசிரியை மெழுகுவர்த்திகளை அனுமதித்தார்.'

ஏன் அப்படி எழுதினேன்? அந்தப் பள்ளி நான் எழுப்பியது. அரசு கிடங்காக வைத்திருந்த கட்டடத்தை அலைந்து திரிந்து மீட்டு, கூரை வேய்ந்து, பலகை பலகையாகச் சேர்த்தவன் நான். உண்மையை எழுதினால் பள்ளி என் கையைவிட்டுப் போய்விடும் என்று அஞ்சினேன். அவ்வளவுதான். இதைவிடப் பெரிய காரணம் ஏதும் என்னிடம் இல்லை.

மல்வினாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். போகுமுன் என்னைப் பார்க்க வந்தார். கையில் கட்டு. அறிக்கையின் நகல் அந்தக் கட்டுகளுக்கிடையே இருந்தது.

"நான் நெருப்பு வேணும்னு சொன்னேனா சாமி?"

நான் மேசையைப் பார்த்துக்கொண்டு பேசினேன். "ஒரு வருஷம் பொறுத்துக்குங்க டீச்சர். எல்லாம் அடங்கட்டும். அடுத்த விடியற்பூசைக்குள்ள நானே உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுறேன்."

அவர் கட்டுப்போட்ட கைகளால் நகலை மடித்தார்.

"காத்திருக்கேன் சாமி" என்றார்.

நான் கூப்பிடவில்லை. ஓராண்டில் ஒரு கடிதம்கூட எழுதவில்லை.

மறு ஆண்டு வந்தது. இம்முறை பேட்டரி விளக்கு மட்டுமே கொண்டுவர வேண்டும் என்று நானே அறிவித்தேன். யாரும் ஏதும் கேட்கவில்லை. கோயில் பணிகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் கோயில்பிள்ளை வலென்டி மட்டும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"ஆஸ்பத்திரி வராந்தா மாதிரி இருக்கு சாமி. மாதாவே ஊசி போட வந்துட்டாங்களோன்னு பயந்துடுவாங்க."

"உமக்கு மணி அடிக்கிற வேலை. அதைப் பாரும்."

"அடிக்கிறேன், அடிக்கிறேன். அதுக்கும் பேட்டரி போட்டுட்டா நான் வீட்டுல தூங்குவேன்."

நவம்பர் 28, திங்கட்கிழமை. காலை 5.58. வலென்டி விளக்குகளை அணைத்தார். இருளில் அறுபதுக்கு மேற்பட்ட வெண்ணிற ஒளிப்புள்ளிகள். அசையாத, குளிர்ந்த வெளிச்சம். நான் பீடத்திலிருந்து திரும்பி, 'ஆண்டவர் உங்களோடு இருப்பாராக' என்றேன்.

அப்போது பார்த்தேன். கடைசி வரிசையில் ஒரு விளக்கு மட்டும் மஞ்சளாக எரிந்தது. அது ஆடியது. நெருப்பு ஆடுவதுபோல் ஆடியது.

யாரோ பெற்றோர் பழைய விளக்கைக் கொடுத்தனுப்பிவிட்டார்கள் என்று எண்ணினேன். சினம் வந்தது. பூசை முடிந்ததும் கண்டிக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

பூசையின் முடிவில் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளைகள் ஒவ்வொருவரும் தாம் செய்த நற்செயல் ஒன்றைச் சிவப்புக் காகித இதயத்தில் எழுதி, அடியில் பெயரிட்டு, நான்காக மடித்து, கோயிலுக்குள் வரும்போதே கூடையில் இடுவார்கள். நான் இருட்டில் கைவிட்டு ஒன்றை எடுப்பேன். நற்செயலை உரக்க வாசிப்பேன். பிறகு பெயரைச் சொல்லி அழைப்பேன். அழைக்கப்பட்ட பிள்ளை மாதாவின் சிறிய மரச் சுரூபத்தை அன்று வீட்டுக்கு எடுத்துச் செல்லும். மறுநாள் விடியலில் திருப்பிக் கொண்டுவரும். தம் பெயர் வராதா என்று எல்லாப் பிள்ளைகளும் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பார்கள்.

நான் கண்ணாடியை இருமுறை துடைத்தேன். கூடையில் கைவிட்டேன். பிரித்தேன்.

"பிள்ளைகளோடு முற்றத்தைக் கடந்தேன்" என்று உரக்க வாசித்தேன்.

அடியில் பெயர் இருந்தது. மல்வினா குலிக்.

பிள்ளைகள் காத்திருந்தார்கள்.

"இதுல பேரு எழுதல" என்றேன். "இன்னொண்ணு எடுக்கிறேன்."

பீடத்தில் நின்றுகொண்டு, திருவுடையோடு, அறுபது பிள்ளைகளுக்குமுன் பொய் சொன்னேன். இரண்டாவது இதயத்தில் வந்த பெயரைச் சொல்லி அழைத்தேன். விளக்கு ஏற்றியபின் கடைசி வரிசையைப் பார்த்தேன். அங்கே யாரும் இல்லை.

மறுநாள் 29. மஞ்சள் விளக்கு இருந்தது. கூடையின் அடிவரை கைவிட்டுத் துழாவி எடுத்தேன்.

'டோசியாவின் கையுறையைச் சரிசெய்தேன். மல்வினா குலிக்.'

மீண்டும் பெயரை விழுங்கினேன்.

30ஆம் நாளும் அதே. அன்று மூன்றாம் வகுப்பில் மறைக்கல்வி முடிந்ததும் டோசியா என் மேசையருகே வந்து நின்றாள். வலக்கையில் தோல் இன்னும் பளபளப்பாகச் சுருங்கியிருந்தது.

"சாமி, எங்க டீச்சர் பேரு வந்துச்சா?"

"எந்த டீச்சர்?"

"மல்வினா டீச்சர். பின்னாடி நிக்கிறாங்கல்ல. அவங்க விளக்குல மட்டும் நிஜ நெருப்பு."

நான் எழுதுகோலைக் கீழே வைத்தேன்.

"'அணைச்சிடுங்க டீச்சர், சாமி திட்டுவாரு'ன்னு சொன்னேன். 'இன்னும் கூப்பிடலையே'ன்னாங்க." அவள் சுண்டுவிரலால் மேசையைச் சுரண்டினாள். "போன வருஷம் நெருப்பு வேணும்னு யாரு சாமி சொன்னது? டீச்சர்தான்னு அம்மா சொல்றாங்க. நான் டீச்சர்கிட்டயே கேக்கட்டுமா?"

"கேக்காத" என்றேன். "போய் உக்காரு."

மல்வினா ஊருக்கு வந்திருக்கிறார் என்றே அப்போது நினைத்தேன். என்னை அவமானப்படுத்துவதற்காக விடியலில் வந்து நிற்கிறார் என்று நினைத்தேன். பயத்தைவிடச் சினமே மிகுந்திருந்தது. அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டிசம்பர் 2, வெள்ளிக்கிழமை. சூழ்ச்சியை முறிக்க எண்ணி, கூடையை முன்வரிசைச் சிறுமி ஒருத்தியிடம் நீட்டினேன். "இன்னைக்கு நீ எடு" என்றேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாள். மடித்தபடியே என்னிடம் கொடுத்தாள்.

அதே கையெழுத்து. அதே பெயர்.

டிசம்பர் 6. இரவு முழுவதும் மழை பெய்து உறைந்திருந்தது. கோயிற்படி கண்ணாடிபோல் வழுக்க வேண்டும். ஆனால் 5.35 மணிக்கு நான் இறங்கியபோது ஒவ்வொரு படியிலும் மணல் தூவியிருந்தது.

"நல்ல வேலை செஞ்சீர் வலென்டி."

"நானா?" அவர் தம் சாவிக்கொத்தை ஆட்டிக் காட்டினார். "மணல் இருக்கிற அறைய இப்பத்தான் திறக்கப் போறேன். பூட்டுல பனி உறைஞ்சிருக்கு, பாருங்க. நீங்கதான் போட்டீங்கன்னு நினைச்சு, 'நம்ம சாமிக்கு என்ன ஆச்சு'ன்னு ஆச்சரியப்பட்டுட்டு வர்றேன்."

அன்று கூடையில் வந்தது: 'வழுக்கும் படியில் மணல் தூவினேன்.'

அதை உரக்க வாசித்தேன். பிள்ளைகளுக்குப் பின்னாலிருந்து யாரோ மெல்ல இருமினார்கள். வறண்ட, ஆழமான இருமல். பிள்ளையின் இருமல் அன்று.

அன்று பிற்பகல், மேசை இழுப்பறையில் பூட்டிவைத்திருந்த ஏழு இதயங்களையும் சிஸ்டர் கௌதென்சியாவிடம் காட்டினேன். அவர் பழைய வருகைப்பதிவேட்டை எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"அவ கையெழுத்துதான் சாமி."

"யாராவது பார்த்து எழுதியிருக்கலாம்."

"எழுதலாம். ஆனா இந்தச் செய்தியெல்லாம்?" அவர் பதிவேட்டை மூடினார். "தலைநகரத்துல, வார்சாவுல இருக்கிறதா கேள்வி. நம்பர் என்கிட்ட இருக்கு. போன் பண்ணிடலாமா?"

"பண்ணி என்ன சொல்றது சிஸ்டர்?"

"அதை நீங்கதான் சொல்லணும். நீங்க சொன்னதைத் தட்டச்சு செஞ்சவ நான். அன்னைக்கு என் வாயும் திறக்கல."

"பிறகு பாப்போம்" என்றேன்.

பிறகு பார்க்கவில்லை. 7, 8, 9 ஆகிய நாள்கள் கடந்தன. ஒவ்வொரு நாளும் அந்தப் பெயர் வந்தது. ஒவ்வொரு நாளும் நான் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு வேறொரு பெயரை அழைத்தேன். மஞ்சள் வெளிச்சம் மட்டும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. அது கடைசி வரிசையில் தொடங்கியது. வெள்ளிக்கிழமை நடுவரிசைக்கு வந்திருந்தது.

டிசம்பர் 12, திங்கட்கிழமை. பதினோராவது இதயம். பிரித்தேன். வாயைத் திறந்தேன். மூடிக்கொண்டேன். அன்று நற்செயலையும் என்னால் வாசிக்க முடியவில்லை.

'டோசியா கேட்டாள். உங்கள் பெயரை நான் சொல்லவில்லை.' அதை மடித்துவிட்டு, வேறோர் இதயத்திலிருந்த ஒரு சிறுவனின் பெயரை அழைத்தேன்.

அன்றிரவு நான் உறங்கவில்லை. காலை நான்கரைக்கு ஒரு முடிவுக்கு வந்தேன். அவர் எப்போது வருகிறார், எவ்வழியாக வருகிறார் என்று பார்த்துவிட வேண்டும்.

டிசம்பர் 13. காலை 5.04. கோயிலின் பக்கக் கதவைத் திறந்து உள்ளே சென்றேன். உள்ளிருந்தே பூட்டினேன். சாவிகள் இரண்டே. ஒன்று என்னிடம். மற்றொன்று வலென்டியிடம், அவர் ஐந்தரைக்குத்தான் வருவார்.

5.09. கூடையை எடுத்துக் கவிழ்த்தேன். தட்டிப்பார்த்தேன். ஒன்றுமில்லை. அதைப் பீடப்படியில் வைத்துவிட்டு முதல் வரிசையில் அமர்ந்தேன். விளக்கு எதையும் ஏற்றவில்லை. பீடத்து மெழுகுவர்த்திகளும் எரியவில்லை.

5.17. குளிர் கூடியது. என் மூச்சு வெண்மையாகத் தெரிந்தது.

தெரிந்தது... இருட்டில் எப்படித் தெரிந்தது?

என் பின்னாலிருந்து வெளிச்சம் வந்துகொண்டிருந்தது.

மஞ்சள் வெளிச்சம்.

உருகும் மெழுகின் மணம். அதனோடு இன்னொரு மணம். கம்பளித்துணி கருகும் மணம்.

நான் திரும்பவில்லை. திரும்ப இயலவில்லை.

5.20. காலடியோசை. ஈரக் காலணி கல்தரையில் ஒட்டி ஒட்டி எழும் ஓசை.

சப்... சப்...

நின்றது.

எனக்கு நேர் பின்வரிசையில் பலகை முனகியது. யாரோ அமர்ந்தார்கள்.

இருமல்.

என் கழுத்தில் சூடு பட்டது. விளக்கின் சூடு.

"டீச்சர்..." என்றேன்.

மெழுகு ஒரு துளி சொட்டியது.

"டீச்சர்... நீங்களா?"

என் காதருகே ஒரு மூச்சு. ஒரே மூச்சு.

"கூப்பிடுங்க சாமி."

5.31. பக்கக் கதவின் பூட்டு திறந்தது. வலென்டி.

வெளிச்சம் அணைந்தது.

"சாமி? இருட்டுல என்ன பண்றீங்க?" அவர் மின்விளக்கை ஏற்றினார். "நல்லவேளை, திருடன்னு நினைச்சு மண்டைல போட்டிருப்பேன்."

நான் திரும்பினேன். பின்வரிசை காலியாக இருந்தது. இருக்கைப் பலகையில் ஒரு துளி மெழுகு. தொட்டேன். இளஞ்சூடாக இருந்தது. ஈரத் தடங்கள் கோயிலின் நடுவில் தொடங்கி, என் பின்வரிசையில் முடிந்தன. கதவிலிருந்து வரவில்லை. கதவுக்குத் திரும்பிப் போகவும் இல்லை.

கூடையைப் பார்த்தேன்.

அதில் ஒரு சிவப்பு இதயம் கிடந்தது.

நான் அதைத் தொடவில்லை. பிள்ளைகள் வரத் தொடங்கினார்கள். முந்தைய நாள் சுரூபத்தைக் கொண்டுசென்ற சிறுவன் அதைத் திருப்பிக் கொணர்ந்து பீடத்தருகே வைத்தான். பிள்ளைகளின் இதயங்கள் ஒவ்வொன்றாகக் கூடையில் கிடந்த அந்த இதயத்தின்மேல் விழுந்தன. ஆறு மணிக்குப் பூசை தொடங்கியது. அன்று என்ன வாசித்தேன், என்ன செபித்தேன் என்று எனக்கு நினைவில்லை. மஞ்சள் விளக்கு இரண்டாம் வரிசையில் நின்றது. அதற்குப் பின்னால் இருள் மட்டுமே தெரிந்தது. அதற்குப் பக்கத்தில் டோசியா நின்றாள். அவள் கை, யாருடைய கையையோ பற்றியிருப்பதுபோல் உயர்ந்திருந்தது.

6.37. கூடையில் கைவிட்டேன்.

என் விரல்களுக்குள் அது தானாக வந்தது.

கண்ணாடியைத் துடைக்கவில்லை. பிரித்தேன்.

"இன்றும் காத்திருந்தேன்" என்று வாசித்தேன்.

பிள்ளைகள் மூச்சை அடக்கினார்கள்.

"மல்வினா குலிக்."

சொல்லிவிட்டேன்.

மஞ்சள் விளக்கு அசைந்தது. நடுவழிக்கு வந்தது. என்னை நோக்கி வந்தது.

சப்... சப்...

நான் சுரூபத்தை எடுத்தேன். இரு கைகளிலும் ஏந்தி நீட்டினேன்.

என் விரல்கள்மேல் வேறு விரல்கள் பட்டன. தழும்பேறிய, வழவழப்பான, சில்லென்ற விரல்கள்.

கனம் என் கையைவிட்டு நீங்கியது.

வெளிச்சம் திரும்பியது. போயிற்று. கதவருகே சென்று... அணைந்தது.

6.38.

"வலென்டி, விளக்கு" என்றேன்.

விளக்கு எரிந்தது. என் கைகள் காற்றை ஏந்திக்கொண்டு நின்றன. சுரூபம் பீடத்தில் இல்லை, தரையில் இல்லை, எங்கும் இல்லை. வலென்டி வாயைத் திறந்தபடி கதவருகே நின்றார். கதவு பூட்டியிருந்தது. பிள்ளைகள் ஓடிவிடாதிருக்க, பூசை முடியும்வரை அதைப் பூட்டிவைப்பது அவர் வழக்கம். அன்று அவர் எந்த வேடிக்கையும் பேசவில்லை.

"டீச்சர் எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்றாள் டோசியா, எல்லாருக்கும் தெரிந்த ஒன்றைச் சொல்வதுபோல். "நாளைக்குக் கொண்டுவந்துடுவாங்க."

8.20. பள்ளி அலுவலகத்தில் சிஸ்டர் கௌதென்சியா வார்சா எண்ணைச் சுழற்றி, தொலைபேசியை என்னிடம் நீட்டினார். எடுத்தது, மல்வினா குடியிருந்த வீட்டின் உரிமையாளரான பெண்மணி. நான் ஓல்ஷினா பங்குத்தந்தை என்று சொன்னதும் அவர் குரல் மாறியது.

"ஓல்ஷினாவா? நல்லா இருக்கு உங்க நியாயம். உயிரோட இருந்தப்ப ஒரு போன் கிடையாது. செத்ததுக்கப்புறம் மாதா சிலைய அனுப்பி வைக்கிறீங்க."

"எப்ப... எப்ப இறந்தாங்க?"

"போன மாசம் இருபத்தேழு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம். எந்தப் பள்ளிக்கூடத்துலயும் சேத்துக்கல. ராத்திரியில ஆபீஸ் கழுவித் துடைக்கிற வேலைக்குப் போச்சு. ஒரே இருமல். லீவு போடும்மான்னு சொன்னா கேக்காது. 'ஊருலருந்து கூப்பிடுவாங்க, அப்ப ஓய்வு எடுத்துக்கிறேன்'னு சொல்லும். கடைசில நிமோனியா."

நவம்பர் 27. முதல் விடியற்பூசைக்கு முந்தைய நாள்.

"சரி, யார்கிட்ட சாமி குடுத்து அனுப்புனீங்க அந்தச் சிலைய?" என்றார் அப்பெண்மணி. "அந்த ரூமைப் பூட்டி பதினஞ்சு நாளாச்சு. சாவி என் கழுத்துல தொங்குது. இன்னைக்குக் காலி பண்ணலாம்னு ஏழு மணிக்குத் திறந்தா, ஜன்னல்கிட்ட நிக்குது. மரச்சிலை. அடியில உங்க ஊர்ப் பேரு செதுக்கியிருக்கு. அடியெல்லாம் பனி ஈரம்."

ஏழு மணி. நான் அதைக் கொடுத்தது 6.38. எங்கள் ஊரிலிருந்து வார்சாவுக்குத் தொடர்வண்டியில் ஆறு மணி நேரம்.

அவர் மேலும் சொன்னார்.

"இன்னொண்ணு. மேசை மேல ஒரு சிவப்புக் காகிதம் கிடக்கு. நான் துடைச்சு வச்சப்ப முழுசா இருந்துச்சு. இப்ப இதயம் இதயமா வெட்டியிருக்கு. எண்ணிப் பாத்தேன். பன்னெண்டு ஓட்டை. வெட்டுன துண்டு ஒண்ணுகூட ரூம்ல இல்ல. பதிமூணாவது பென்சில்ல வரைஞ்சிருக்கு. இன்னும் வெட்டல."

தொலைபேசியை வைத்தேன். சிஸ்டர் எல்லாவற்றையும் கேட்டிருந்தார். அவர் கைகள் செபமாலையை உருட்டாமல் இறுகப் பிடித்திருந்தன. சன்னலுக்கு வெளியே, முற்றத்தில், பிள்ளைகள் பனியை வாரி வீசிக்கொண்டிருந்தார்கள்.

"சாமி, நாளைக்குத் தேதி பதினாலு" என்றார் மெல்ல.

"தெரியும் சிஸ்டர்."

"கூடைய எடுத்து உள்ள வச்சிடட்டுமா?"

"வேணாம். அது இருக்குற இடத்துலயே இருக்கட்டும்." எழுந்து கண்ணாடியை அங்கியின் ஓரத்தால் இருமுறை துடைத்துக்கொண்டேன். "டோசியாவோட அம்மா அப்பாவை நாளைக்குப் பூசைக்கு வரச் சொல்லுங்க. அந்த அறிக்கையோட நகல் ஒண்ணு எனக்கு வேணும். நாளைக்கு நான் அதைத்தான் வாசிக்கப் போறேன். நெருப்பு வேணும்னு சொன்னது யாருன்னும் சொல்லப் போறேன்."